சாணிநிறச் சுவரும் இரண்டு சுளகும்

வெள்ளைச் சுவர் ஒன்று சாணி நிறத்துக்கு மாறியதால் என் மாமனார் ஒரே வாரத்தில் குடிகாரன் என்று பெயரெடுக்கப் பார்த்தார். இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கூடவே இருந்து கண்ணால் பார்த்தவன் நான் என்று சத்தியம் செய்யலாம். ஆனால் கண்ணால் பார்த்ததை வைத்துச் சத்தியம் செய்வதை நான் அந்த வாரத்தோடு விட்டுவிட்டேன்.

அது இரண்டாம் உலகச் சண்டைக்காலம். தூத்துக்குடியில் அப்போது பெரிய கப்பல்கள் கரைக்கு வராது. கடலில் ஆழம் போதாது. ஐந்தாறு மைலுக்கு அப்பால் நங்கூரம் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை முறுக்கோடு நிற்கும். நாம்தான் தோணியில் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரவேண்டும். தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்போம். என் மாமனார் தண்டல். நான் கப்பல் ஏஜென்சி கம்பெனி ஒன்றில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. தோணியில் எத்தனை மூட்டை ஏறியது, கரையில் எத்தனை இறங்கியது என்று எண்ணி எழுதுவது என் வேலை. அந்த வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

மாமனாருக்குத் தன் கண்மேல் அபாரமான கர்வம். அடிவானத்தில் ஒரு புள்ளி தெரிந்தால், அது எந்த ஊர்த் தோணி, யார் தண்டல், பாயில் எத்தனை ஒட்டு என்று சொல்லிவிடுவார். மனிதர்களை எடைபோடுவதும் கண்ணை வைத்துத்தான். எங்கள் கல்யாணப் பேச்சின்போது, மாப்பிள்ளை பார்க்க வந்த மனிதர், என் படிப்பைக் கேட்கவில்லை, சம்பளத்தைக் கேட்கவில்லை. வாசல் வெளிச்சத்தில் என்னை நிற்கவைத்து ஊசியும் நூலும் கொடுத்துக் கோக்கச் சொன்னார். ஐந்தாவது தடவையில் கோத்தேன். "இடது கண்ணு கொஞ்சம் மட்டம்தான். ஆனா ஆபீஸ் வேலைக்கு இது போதும்" என்று சம்மதித்தார். அந்தக் 'கொஞ்சம் மட்டம்' என் மனதில் முள்ளாகக் கிடந்தது. சொந்தக்காரர்கள் கூடும் இடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

இனி சுவருக்கு வருகிறேன். நாங்கள் சரக்கு இறக்கும் துறைக்கு நேர் எதிரே கரையில் சரக்கு அடைத்துவைக்கும் ஒரு பழைய கிட்டங்கி இருந்தது. நீளமான கட்டடம். கடலைப் பார்த்த சுவர் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு. தோணிக்காரர்களுக்கு அந்தச் சுவர்தான் கணியம். கணியம் என்றால், கடலில் இருந்து வழி பார்க்கக் கரையில் வைத்துக்கொள்ளும் அடையாளம். கிட்டங்கியின் தெற்கு மூலைக்கு மேலே பின்னாலுள்ள ஒற்றைப் பனையின் கொண்டை வந்து உட்கார்ந்தால், தோணி சரியான நேர்கோட்டில் வருகிறது என்று பொருள். நேர் சரி, தூரம்? துறைக்கு முன்னால் ஒரு மணல்திட்டு கிடந்தது. அதற்கு முன்பே பாயை இறக்கி, கழி ஊன்றி, வடக்கே வளைத்துக் கொண்டுபோக வேண்டும். பாயை எப்போது இறக்குவது என்பதற்கு மற்றத் தண்டல்கள் பக்கத்தில் வேறு அடையாளங்கள் வைத்திருந்தார்கள், ஆழம் பார்க்க ஈயக்குண்டு கட்டிய கயிறு விட்டார்கள். என் மாமனாருக்கு அதெல்லாம் கேவலம்.

"கயித்தைக் கட்டி ஆழம் பாக்கிறவன் தண்டலா? கெணத்துல தண்ணி எறைக்கப் போவச் சொல்லு அவனை" என்பார். சுவரை ஒரு பார்வை பார்ப்பார். "எறக்குலே பாயை" என்பார். அந்த இடம் ஒரு முழம் முன்பின் போனதில்லை. இப்படி நாற்பது வருஷம்.

ஒருநாள் விடிவதற்குள் கப்பலுக்குப் போனோம். கோதுமை மாவு மூட்டை. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, மாவைத் தின்னுங்கள் என்று சர்க்கார் சொல்லிக்கொண்டிருந்த நாள்கள். ஊரில் ஒருவருக்கும் அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, கடல்காற்று எழும்பியதும் பாய் விரித்துத் திரும்பினோம். பதினோரு மணி இருக்கும். கரையெல்லாம் வெயிலில் புகை பிடித்தது போல மங்கிக் கிடந்தது.

நாங்கள் போயிருந்த நேரத்தில், வெள்ளைச் சுவர் எதிரிக்கு அடையாளம் காட்டுகிறதென்று பட்டாளத்து உத்தரவு வந்து, கிட்டங்கிச் சுவர் முழுக்க மண்ணும் கரியும் கலந்து பூசிவிட்டிருந்தார்கள். மாமனார் அதைப் பார்த்தார். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் பார்க்காமல் இல்லை.

"எவம்லே சுவத்துல சாணியை மொழுவுனது?" என்று கேட்டுச் சிரித்தார். தோணியில் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தபடி என் பக்கம் திரும்பினார். வழக்கமான கேலி.

"மாப்ள, ஒங்க மட்டக் கண்ணுக்குச் சுவரு எங்கன தெரியுது? சொல்லுங்க பாப்போம்."

நான் கணக்குநோட்டை மடித்து வைத்துவிட்டு, நெற்றிமேல் கைவைத்து, பெரிய மாலுமி போலப் பார்த்தேன். "இன்னும் தூரம் கெடக்கு மாமா" என்றேன்.

"ஆங்! மட்டக் கண்ணும் இன்னிக்குச் சரியாத்தான் சொல்லுது. எனக்கும் தூரமாத்தான் கெடக்கு" என்றார். என் வாழ்க்கையில் அவர் என்னைப் பாராட்டிய முதல் தடவை. நான் பூரித்துப்போய் இருந்த அந்த நேரத்தில்தான் தோணி மணல்திட்டில் முழு வேகத்தோடு ஏறியது.

பாய்மரம் முறிந்தது. தோணி ஒருபக்கமாகச் சாய்ந்தது. மேல் அடுக்கு மூட்டைகள் சரிந்து, வெடித்து, எங்களை மாவு மூடியது. கண்ணைத் திறந்தால் மாவு, வாயைத் திறந்தால் மாவு. யார் தண்டல், யார் குமாஸ்தா என்று தெரியாதபடி ஒன்பது வெள்ளை ஆள்கள் முட்டளவு தண்ணீரில் இறங்கிக் கரைக்கு நடந்தோம். உப்புத் தண்ணீர் பட்ட இடமெல்லாம் மாவு பசையாகப் பிடித்தது. கரையில் நின்ற கூட்டம் முதலில் பயந்தது, பிறகு சிரித்தது, அதன்பிறகு கையில் கிடைத்த பாத்திரத்தோடு மாவு அள்ள ஓடியது. யாருக்கும் அடிபடவில்லை. என் மானத்துக்கு மட்டும் பட்டது.

அப்பாவுக்குச் சோற்றுத்தூக்கு கொண்டுவந்த என் மனைவியும் அந்தக் கூட்டத்தில் நின்றாள். வீட்டில், என் தலைமுடியில் காய்ந்த பசையைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவும்போது சொன்னாள்.

"தூரத்துல வரும்போது நீங்க எம்புட்டுப் பெரிய ஆளாத் தெரிஞ்சிய தெரியுமா! கிட்ட வந்துட்டிய, கிட்ட வந்துட்டியன்னு நெனைக்கேன், நீங்க நடந்துகிட்டே இருக்கிய. வந்து பக்கத்துல நின்ன பொறவு பாத்தா பழைய ஆளுதான்."

தோணி தரைதட்டி வந்தவனிடம் பேசுகிற பேச்சா இது என்று எனக்குக் கோபம் வந்தது. பழைய ஆள் என்றால் என்ன அர்த்தம் என்று சண்டை பிடித்தேன். அவள் அப்போது சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால் மூன்று நாள் வேதனை மிச்சப்பட்டிருக்கும்.

மறுநாள் கம்பெனியில் அறிக்கை கேட்டார்கள். நான் உட்கார்ந்து நல்ல கையெழுத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன்: 'விபத்து நடந்த வேளையில் நான் குனிந்து மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கரையை நான் பார்க்கவில்லை.' சுத்தப் பொய். மூட்டை எண்ணும் குமாஸ்தாவுக்குக் கண் சரியில்லை என்று பேச்சு வந்தால் வேலை என்னாவது? அதோடு, என் கண்ணைப் பார்த்துச் சிரித்த மனிதர் இப்போது தானே மாட்டிக்கொண்டாரே என்று ஓர் அற்ப சந்தோஷமும் உள்ளே இருந்தது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

துறைமுக அதிகாரி, சனிக்கிழமை விசாரணை என்று ஆள் அனுப்பினார். வெள்ளைக்காரர். முன்னால் கப்பல் கேப்டனாக இருந்தவர். வந்த சேவகன் விஷயத்தை விளக்கமாகவே சொல்லிவிட்டுப் போனான். தண்டல் குடித்திருந்தார் என்று தெரிந்தால் மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் கிடையாது. கண் கெட்டுவிட்டது என்று தெரிந்தால் லைசென்ஸ் ரத்து. பிறகு தோணிப் பக்கமே வரமுடியாது.

அன்று சாயங்காலம் மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. இரண்டு நாளில் ஆள் பாதியாகிவிட்டிருந்தார்.

"ஏளா, நான் குடிச்சிருந்தேன்னு சொல்லப்போறேன்" என்றார் மகளிடம்.

"குடிச்சிருந்தியளா அப்பா?"

"குடிக்கல. அதுதான் கஷ்டமா இருக்கு."

அவர் குடிப்பதில்லை என்பது கடற்கரை முழுக்கத் தெரியும். மகள் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் பிழைத்ததற்காக மாதாவுக்கு நேர்ந்துகொண்டு குடியை விட்டவர். கள் வாடை அடிக்கும் தெருவில்கூட நடக்கமாட்டார். இப்போது அந்த மனிதர் குடிகாரன் என்று பெயரெடுக்கப் படாத பாடு பட்டார். கள்ளுக் கடைக்குப் போய், குடிக்காமல், சட்டையில் மட்டும் தெளித்துத் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறார். கடைக்காரன் உள்ளே ஓடி ஒளிந்துகொண்டானாம், ஏதோ சோதனை வந்திருக்கிறது என்று.

"சாமியார்கிட்டயும் போனேன்" என்றார். "சனிக்கெழமை ஒரு பொய் சொல்லப்போறேன் சாமி, அதுக்கு இன்னிக்கே பாவமன்னிப்பு கெடைக்குமான்னு கேட்டேன். எந்திரிச்சு வெளிய போவச் சொல்லிட்டாரு."

நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. "மூணு மாசம் வீட்டுல கெடப்பேன். ஆனா கண்ணு போச்சுன்னு சொல்லிட்டா, பொறவு நான் யாருளா?" என்று கேட்டார். இடுப்பில் செருகியிருந்த லேஞ்சித் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் மனைவி என்னைப் பார்த்தாள். "நீங்க அன்னிக்குச் சுவத்தைப் பாத்தியளா?"

"நான் மூட்டை எண்ணிக்கிட்டிருந்தேன்."

"தூரம் கெடக்குன்னு நீங்களும் சொன்னியளாமே. அப்பா எங்கிட்ட மட்டும் சொன்னாரு. வெளிய யாருட்டயும் சொல்லிறாத, மாப்ளைக்கு வேலை இன்னும் உறுதியாவலன்னாரு."

மட்டக் கண், மட்டக் கண் என்று ஊரெல்லாம் சிரித்த மனிதர், அந்தக் கண்ணை வெளியே காட்டிக்கொடுக்கவில்லை. நான் எழுதிக்கொடுத்த அறிக்கை மேசையில் எனக்கு முன்னால் கிடப்பதுபோல் இருந்தது.

"ஏங்க, ரெண்டு பேருக்கு ஒரே நாள்ல, ஒரே நேரத்துல, ஒண்ணுபோலக் கண்ணு கெட்டுப்போவுமா?" என்றாள். குமாஸ்தா வேலைக்கு அவளைத்தான் எடுத்திருக்க வேண்டும்.

பதில் மறுநாள் காலை கொல்லையில் கிடைத்தது. அவளிடம் ஒரே அளவில் இரண்டு சுளகு, அதாவது அரிசி புடைக்கும் முறம், உண்டு. சுளகின் ஓட்டையை அடைக்க எல்லா வீட்டிலும் சாணி மெழுகிக் காயவைப்பார்கள். ஒன்றைச் சாணியால் மெழுகிவிட்டு, இன்னொன்றுக்கு, வீணாகப் போகிறதே என்று, நான் உடம்போடு கொண்டுவந்த கோதுமைப் பசையை அப்பிவிட்டாள். இரண்டையும் கொல்லைக் கடைசியில் வேலிப் பக்கம் மாட்டியிருந்தாள். நான் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தச் சுளகுல கிட்ட இருக்கிறதை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

"வெள்ளைச் சுளகா?"

"கிட்ட இருக்கிறது."

"அதான், வெள்ளை" என்று நடந்தேன். வேலிக்குப் போனால், சாணிச் சுளகு இரண்டு எட்டு வைக்கும் தூரம் முன்னாலேயே ஒரு முருங்கைக் கொம்பில் தொங்கியது. வெள்ளைதான் பின்னால். திரும்பிக் கிணற்றடிக்கு வந்து பார்த்தேன். வெள்ளைதான் கிட்டே. மறுபடியும் போய்த் தொட்டுப் பார்த்தேன். பின்னால்தான் இருந்தது. வாயில் பற்பொடி நுரையோடு நான்கு தடவை நடந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "தம்பிக்கு வயிறு சரியில்லையோ?" என்று விசாரித்தார்.

"நான் அன்னிக்கே சொன்னேன்லா" என்றாள் மனைவி. "மாவு அப்பிக்கிட்டு வந்திய, பெருசாத் தெரிஞ்சிய, கிட்டத் தெரிஞ்சிய. வெள்ளைச் சுவரு அப்பாவுக்கு நாப்பது வருசமாக் கிட்டத் தெரிஞ்சிருக்கு. சாணி பூசினதும் தள்ளிப் போயிட்டுது."

சனிக்கிழமை. கடலைப் பார்த்த வராந்தாவில் அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பேசும் ஆங்கிலத்தைத் தமிழிலும், மாமனார் பேசுவதை ஆங்கிலத்திலும் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கம்பெனி என்னையே அனுப்பியிருந்தது. கீழே மணலில் தோணி ஆள்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மனைவி இரண்டு சுளகோடு புன்னைமரத்தடியில் நின்றாள். அப்பாவிடம் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. சொன்னால், என் கண்ணைச் சுளகுக்கு ஒப்பிடுகிறாயா என்று வரமாட்டேன் என்பார்.

மாமனார் முந்திக்கொண்டார். "அன்னிக்கு நல்லாக் குடிச்சிருந்தேன்னு சொல்லுங்க மாப்ள."

சொன்னேன்.

"என்ன குடித்தாய்?" என்றார் அதிகாரி.

"கள்ளு."

"எவ்வளவு?"

மாமனார் யோசித்தார். இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டதால் அளவு மறந்துபோயிருந்தது. "ரெண்டு கொடம்" என்றார்.

மணலில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு குடம் குடித்தவன் எழுந்து நடந்ததாகத் தான் பயணம் செய்த எந்தத் துறைமுகத்திலும் கேள்விப்பட்டதில்லை என்றார் அதிகாரி. சேவகனைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்தப் பாவி உண்மையைச் சொன்னான்: "தண்டலா? கோயில்ல பூசைக்கு வச்ச திராட்ச ரசத்தைப் பாத்தாலே மூஞ்சைத் திருப்பிக்கிடுவாரு தொரை."

அடுத்து கண் சோதனை. வராந்தாக் கடைசியில் எழுத்துப் பலகை ஒன்றை மாட்டினார்கள். ஆங்கில எழுத்து. மாமனாருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. தெரிகிறதைச் சொல் என்றார் அதிகாரி.

"மொதல்ல ஒரு பாய்மரம். அதுக்குக் கீழ ஒரு வளையம், ஒத்தைப் படி ஏணி. அதுக்குக் கீழ தூண்டில் முள்ளு, மூணு பல்லு சீப்பு, இன்னொரு வளையம், ஆனா பக்கத்துல ஒடைஞ்சிருக்கு."

அதிகாரி பலகையோடு ஒத்துப் பார்த்தார். அத்தனையும் சரி. கடைசி வரி வரை போய்விட்டு மாமனார் நிறுத்தினார். "அடியில எறும்பு போற மாதிரி இன்னொரு வரி கெடக்கு. அதையும் சொல்லணுமா?"

அது அச்சடித்தவர்களின் முகவரி. பலகையில் அப்படி ஒரு வரி இருப்பதே அதிகாரிக்கு அன்றுதான் தெரியும். எழுந்துபோய்க் குனிந்து பார்த்தார். மாமனாரின் முதுகு நிமிர்ந்தது. கண் போகவில்லை! நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அதிகாரி திரும்பி வந்து உட்கார்ந்த விதம் நன்றாக இல்லை.

"குடிக்கவில்லை. கண் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் கண்ணுக்கு முன்னால் இவ்வளவு பெரிய சுவர் இருக்க, அலட்சியமாகத் தோணியைத் திட்டில் ஏற்றியிருக்கிறான். இதற்கும் லைசென்ஸ் ரத்துதான்" என்றார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்தார். "தோணியில் படித்த ஆள் ஒருவர் இருந்திருக்கிறார். அவர் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தாராம். அவர் பார்த்திருந்தால் எச்சரித்திருப்பார். இதைத் தமிழில் இவனுக்குச் சொல்."

என் அறிக்கை. என் நல்ல கையெழுத்து. நான் எழுதிய பொய்யை நானே, யாரைப் பற்றியதோ அவரிடம், மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும். மாமனார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. சொல்லிட்டுப் போங்க மாப்ள என்பதுபோல் தலையை அசைத்தார். அதுதான் தாங்கவில்லை.

"துரை, இதை எழுதியது நான்தான். இது பொய்" என்றேன். குரல் ஏன் அவ்வளவு உயர்ந்தது என்று தெரியவில்லை. "நான் சுவரைப் பார்த்தேன். இன்னும் தூரம் இருக்கிறது என்று இவரிடம் சொன்னேன். இவருக்குத் தெரிந்ததும் அதுதான். துரை அங்கே இருந்திருந்தால் துரைக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. அதிகாரியின் முகம் சிவந்தது. இருபது வருஷம் கப்பல் ஓட்டிய கண் தன்னுடையது என்றார். எல்லாருக்கும் இந்த வியாதி இருக்கிறது போலும் என்று எனக்கு அப்போது தோன்றியது.

நான் மரத்தடியைப் பார்த்துக் கையசைத்தேன். பேசிவைத்தபடி தோணி ஆள்கள் இருவர் ஆளுக்கொரு சுளகோடு கரையோரமாக நடந்தார்கள். மூத்தவர் நின்றுகொண்டார், மற்றவர் இன்னும் கொஞ்சம் போய் நின்றார். சுளகுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்துகொண்டார்கள். வேடிக்கை கெடக்கூடாது என்று, அவர்கள் நடந்து முடியும்வரை அதிகாரியையும் மாமனாரையும் அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பியிருக்கச் சொன்னேன். எப்படியோ சம்மதித்தார்கள்.

"எது கிட்டே இருக்கிறது துரை?"

அதிகாரி திரும்பிப் பார்த்தார். "இதற்கு விசாரணையா? வெள்ளை. குழந்தைகூடச் சொல்லும்."

மாமனாரும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "தொரை சரியாச் சொல்லுதாரு. வெள்ளைதான் கிட்ட" என்றார்.

கயிறு பிடித்து அளந்தார்கள். சாணிச் சுளகு நான்கு எட்டு கிட்டே இருந்தது. அதிகாரி நம்பவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு தானே இறங்கி வெயிலில் நடந்தார். கயிற்றைத் தன் கையால் பிடித்து அளந்தார். சுளகில் சின்னது பெரியது இருக்கும் என்று ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தார். விளிம்போடு விளிம்பு ஒத்தது. அவர் கையில் சாணி ஒட்டியதுதான் மிச்சம். சுளகுகளைத் தானே அதே இடங்களில் நிறுத்திவிட்டு, வராந்தாவுக்குத் திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இப்போதும் வெள்ளைதான் கிட்டே இருக்கிறது" என்றார். மெதுவாக, தனக்குத்தானே சொன்னார். அளந்த கயிறு இன்னும் அவர் கையில் இருந்தது.

அவர் எழுதிய தீர்ப்பில் சுளகு வரவில்லை. சர்க்கார் காகிதத்தில் சாணி எப்படி வரும்? தோணிக்காரர்களுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் சுவருக்கு நிறம் மாற்றியதே காரணம், தண்டல்மேல் குற்றமில்லை என்று எழுதினார். லைசென்ஸ் பிழைத்தது. என் அறிக்கைக்கு ஒரு குறிப்பு எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினார். என் வேலை நிரந்தரமாவது இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போனது. அது எனக்கு வேண்டியதுதான்.

வீடு திரும்பும் வழியில் மாமனார் தலையைக் குனிந்தபடியே நடந்தார். லைசென்ஸ் கிடைத்த மனிதர் இப்படியா இருப்பார் என்று பார்த்தேன். தெருமுனையில் நின்று மகளிடம் கேட்டார். "ஏளா, அந்தச் சுளகை நானும் பாத்தேன். பொய்யின்னு தெரிஞ்ச பொறவும் அப்படியேதான் தெரியுது. இனி நான் எதை நம்பிப் பாயை எறக்க?"

அவள் இரண்டு சுளகையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

புதுப் பாய்மரம் வைத்து முதல் தடவை போனபோது நானும் கூடப் போனேன். மூட்டை ஏற்றித் திரும்பினோம். அதே வெயில், அதே மங்கல், அதே சாணிநிறச் சுவர். மூலைக்கு மேலே பனங்கொண்டை வந்து உட்கார்ந்தது. மாமனார் முன்னால் நின்று சுவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கால்மாட்டில் ஈயக்குண்டு கட்டிய புதுக்கயிறு ஒன்று சுருண்டு கிடந்தது.

"மாப்ள, ஒங்களுக்கு என்ன தெரியுது?" இந்த முறை கேலி இல்லை.

நான் நன்றாகப் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது என்று இரண்டு தடவை பார்த்தேன். "இன்னும் தூரம் கெடக்கு மாமா."

"எனக்கும் தூரமாத்தான் கெடக்கு" என்றார் அவர். பிறகு பின்னால் திரும்பிக் கத்தினார்: "எறக்குங்கலே பாயை!"

பாய் இறங்கியது. கழி ஊன்றினோம். மணல்திட்டு எங்கள் இடது பக்கமாக, கைநீட்டினால் தொடும் தூரத்தில், மெதுவாகக் கடந்து போனது.